விசைப்படகும் டீசல் வடிகட்டியும்

சென்ற பள்ளி விடுமுறையின்போது நாம் மாணவர் சிலரையும் அவர்தம் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு பங்கோர்த் தீவுக்குச் சென்றிருந்தோம். தீவைச் சுற்றிக் காண வாடகைப் படகொன்றை அமர்த்தினோம். மேற்குக் கரையை ஒட்டிச் செல்கையில் காற்று வலுத்து அலைகள் எழுந்தன. அவ்வேளையில் இயந்திரம் இரண்டு மூன்று முறை இருமியது. பின் அடியோடு நின்றுவிட்டது. படகு பாறைகளின் பக்கமாக ஒதுங்கத் தொடங்கியதும் தாய்மார்கள் பிள்ளைகளை இறுக அணைத்துக்கொண்டனர். படகோட்டி முதலில் நங்கூரத்தை இறக்கினார். பிறகு பலகையைத் தூக்கி உள்ளே பார்த்தவர், "மிஞ்ஞாக் கோத்தோர்" என்றார். எண்ணெய் அழுக்கு என்பது அம்மலாய்ச் சொற்களின் பொருள். அவர் கழற்றி எடுத்த வடிகட்டியில் கரிய கூழ் போன்ற மண்டி அப்பியிருந்தது. நல்லவேளையாகப் புதிய வடிகட்டி ஒன்று அவரிடம் இருந்தது. அரை மணி நேரத்தில் படகு மீண்டும் ஓடிற்று. அன்று நேரில் கண்டதையும், பின்னர் கேட்டும் படித்தும் அறிந்ததையும் இங்கே எழுதுகின்றோம். தோட்டத்தில் டிராக்டரும் லாரியும் ஓட்டும் பெற்றோர்க்கும் இவற்றுட் பல பொருந்தும்.

படகின் உட்புறத்தில் பொருத்தப்படுபவை பெரும்பாலும் டீசல் இயந்திரங்களே. ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் இவ்வகை இயந்திரத்துக்கு 1893ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இதில் எரிபொருளைப் பற்றவைக்கத் தீப்பொறி வேண்டுவதில்லை. காற்றை மிகுதியாக அழுத்தினால் அது கடுஞ்சூடு அடையும். அச்சூட்டில் டீசலை மெல்லிய தூவலாகப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். அவ்வாறு பீச்சும் பம்பின் உறுப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளி ஒருசில மைக்ரோன்களே. ஒரு மில்லிமீட்டரை 1,000 கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரோன் ஆகும். நம் தலைமயிரின் தடிப்போ ஏறத்தாழ 70 மைக்ரோன்! ஆகவே, கண்ணுக்குப் புலப்படாத தூசியும் அங்கே மணலைப் போல் அராவும். அவ்வுறுப்புகளுக்கு டீசலே மசகெண்ணெயுமாகும். அதில் நீர் கலந்தால் மசகு குன்றித் துருவும் தேய்மானமும் உண்டாகும்.

படகில் நீர் எங்கிருந்து டீசலுக்குள் வருகிறது என்று மாணவர்கள் கேட்கலாம். எரிபொருள் தொட்டி பாதி காலியாக இருந்தால், காலியிடத்தைக் காற்று நிரப்பும். இரவில் தொட்டி குளிர, அக்காற்றின் ஈரம் சுவர்களில் வியர்வைபோல் அரும்பி அடியில் இறங்கும். டீசல் ஊற்றும் வாயின் மூடியிலுள்ள ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மழைநீரும் கடல்நீரும் கசியும். டீசலைவிட நீர் கனமானது. எனவே தொட்டியின் அடியில் தங்கும். அந்நீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கரிய கூழை உண்டாக்கும். நம் நாட்டு வெப்பம் அவற்றுக்கு மிகவும் ஏற்றது.

தோட்டத்து மக்கள் வியக்கத்தக்க செய்தி ஒன்றும் இதில் உண்டு. நாம் வெட்டிச் சுமக்கும் செம்பனைக் குலைகளின் எண்ணெயிலிருந்து செய்யப்படும் உயிரி டீசல், 2011ஆம் ஆண்டு முதல் நம் நாட்டு டீசலில் கலக்கப்பட்டு வருகிறது. தொடக்கத்தில் 100க்கு 5 பங்காக இருந்தது, 2019இல் வாகன டீசலில் 10 பங்காயிற்று. இதனை நாம் குறை கூறவில்லை. ஆயினும் உயிரி டீசல் ஈரத்தை அதிகமாக ஏற்கும் இயல்புடையது. பழைய தொட்டியில் ஒட்டிக்கிடந்த கசடுகளையும் அது கரைத்துவிடும். ஆகவே படகு வைத்திருப்போர் வடிகட்டியின்மேல் முன்னிலும் மிகுந்த கண்ணோட்டம் வைத்தல் வேண்டும்.

இனி, இயந்திரம் ஏன் அலை எழுந்தபோது நின்றது? அமைதியான நீரில் மண்டி தொட்டியின் அடியிலேயே உறங்கிக் கிடக்கும். படகு உருண்டு ஆடும்போது அது கலங்கி மேலெழுந்து குழாய்க்குள் புகும். இயந்திரம் மிகவும் வேண்டப்படும் வேளையில்தான் அது நிற்கும் என்பதற்கு ஊழ்வினை காரணமன்று, இக்கலக்கமே காரணம்.

ரப்பர் பாலைத் தொட்டியில் ஊற்றுமுன் சல்லடையில் வடிகட்டுவதை நாம் அறிவோம். படகில் இரண்டு சல்லடைகள் உள்ளன. தொட்டிக்கும் பம்புக்கும் இடையே இருப்பது முதல் வடிகட்டி. நீரைப் பிரித்துத் தன் அடிக்கிண்ணத்தில் தேக்குவது இதுவே. இதற்கு 10 அல்லது 30 மைக்ரோன் தாள் போதும். மிக நுண்ணியதே மேலானது என்றெண்ணி 2 மைக்ரோன் தாளை இங்கு வைத்தால் விரைவில் அடைத்துக்கொள்ளும். நுண்தூசியைப் பிடிப்பது இயந்திரத்தோடு சேர்ந்துள்ள இரண்டாம் வடிகட்டியின் வேலை. அதற்கு இயந்திரக் கையேடு குறிக்கும் வகையையே வாங்க வேண்டும். அளவிலும் கவனம் தேவை. டீசல் இயந்திரம் எரிப்பதைவிட அதிகமாக இழுத்து, எஞ்சியதைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பும். எனவே எரியும் அளவை மட்டும் கணக்கிட்டுச் சிறிய வடிகட்டியை வாங்குதல் தவறு. இன்னொன்று: லாரிக்குரிய வடிகட்டியின் வெறும் பிளாஸ்டிக் கிண்ணம் தீப்பிடித்தால் உருகி டீசலைக் கொட்டிவிடும். படகுக்கு உலோகக் கிண்ணமோ, அடியில் வெப்பத்தைத் தடுக்கும் உலோகக் காப்புள்ள கிண்ணமோதான் தகும். விலை சற்று அதிகம். ஆயினும் இதில் சிக்கனம் கூடாது.

பராமரிப்பில் முதன்மையானது காலையில் இயந்திரத்தை முடுக்குமுன் செய்யும் சிறு வேலையே. இரவெல்லாம் அசையாதிருந்ததால் நீர் கிண்ணத்தில் இறங்கியிருக்கும். அடித்திருகாணியைத் தளர்த்திச் சிறிதளவு டீசலை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பார்க்க வேண்டும். தெளிவாக இருந்தால் நன்று. அடியில் நீர் நின்றால், தெளிந்த டீசல் வரும்வரை வடிக்க வேண்டும். கருமை தென்பட்டால் வடிகட்டியை மாற்றுவது மட்டும் போதாது. தொட்டியையே கழுவ வேண்டும். கையேட்டில் வேறு கணக்கு இல்லாவிடில் ஆண்டுக்கொரு முறையேனும் இரு வடிகட்டிகளையும் மாற்றுவது வழக்கம். மாற்று வடிகட்டிகள் இரண்டேனும் படகில் இருத்தல் நலம்.

மாற்றும்போது இயந்திரத்தை நிறுத்தி, தொட்டியின் குழாயை மூடி, அடியில் தட்டு வைக்க வேண்டும். பழைய ரப்பர் வளையம் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். அதனை எடுக்காமல் புதியதைப் பூட்டினால் காற்றுப் புகும். புதிய வளையத்தில் தூய டீசலைத் தடவிக் கையால் இறுக்கினால் போதும். பின்னர்க் குழாயைத் திறந்து, காற்றுத் திருகாணியைத் தளர்த்தி, கைப்பம்பை அடிக்க வேண்டும். குமிழிகள் நின்று டீசல் மட்டும் ஒழுகும்போது திருகாணியை முடுக்கலாம். இதனைச் செய்யாவிடில் "காற்றுப் பிடித்துக்கொண்டது" என்று மெக்கானிக்குகள் சொல்லும் நிலை ஏற்பட்டு இயந்திரம் கிளம்பாது. அன்று படகோட்டியின் நேரத்தைப் பெரிதும் எடுத்தது இவ்வேலைதான்.

பழைய வடிகட்டியையும் எண்ணெய்த் துணியையும் அவர் கடலில் எறியாமல் ஒரு தகரத்தில் இட்டு மூடினார். அவ்வடிகட்டியை நம் மாணவர் ஒருவர் கேட்டு வாங்கி வந்தார். இன்று அது நம் பள்ளி அறிவியல் மூலையில் ஒரு புட்டிக்குள் இருக்கிறது. விரும்புவோர் வந்து காணலாம்; மூடியை மட்டும் திறக்க வேண்டா, நாற்றம் பொறுக்க முடியாது.