ஒரு வீடு, நாலு விலை!

கிராமத்து வீடு ஒன்றைக் காட்டி, "இது என்ன விலை போகும்?" என்று கேட்டுப் பாருங்கள். நாலு பதில் கிடைக்கும். விற்கிறவர் சொல்லும் விலை ஒன்று. பதிவு அலுவலகத்தில் இருக்கும் வழிகாட்டி மதிப்பு ஒன்று. பேங்க் அனுப்பும் என்ஜினீயர் எழுதுவது மூன்றாவது. அதே என்ஜினீயர், அதே ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில், "அவசரமாக விற்றால் தேறுவது" என்று நாலாவதாக ஒன்றை எழுதி ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருப்பார்.

நாலும் ஒரே வீட்டுக்குத்தான். ஹவுஸிங் லோன் கேட்டுப் போகிற ஆசாமி இந்த நாலுக்கும் நடுவில் ஃபைலும் கையுமாக நிற்க வேண்டியது.

டவுனில் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. ஒரு அபார்ட்மென்ட்டில் நாற்பது ஃப்ளாட் இருந்தால் நாற்பதும் அச்சில் வார்த்த மாதிரி. போன மாதம் மூன்றாவது மாடி என்ன விலைக்குப் போனதோ, இந்த மாதம் நாலாவது மாடி அதை ஒட்டிப் போகும். என்ஜினீயருக்கு வேலை சுலபம். கிராமத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு வீடும் ஒரு தினுசு. ஒன்றில் திண்ணை உண்டு, படி இல்லை. இன்னொன்றில் முன்னால் கான்கிரீட், பின்னால் ஓடு, அதற்கும் பின்னால் மாட்டுக் கொட்டகை. எதை எதோடு ஒப்பிடுவது?

2021-ல் என் நண்பர் ஒருவர் திண்டுக்கல் மாவட்டத்தில் இப்படி ஒரு வீடு வாங்கக் கிளம்பினார். நகரத்தை ஒட்டிய ஊராட்சி. தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை, மாதம் நாற்பதாயிரம் சம்பளம். அப்போது பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டத்தில் வட்டி மானியம் நடப்பில் இருந்தது. வருட வருமானம் 6 லட்சத்துக்குள் இருந்தால், கடனில் முதல் 6 லட்சத்துக்கு 6.5 சதவிகித மானியம்; மொத்தமாக அதிகபட்சம் 2 லட்சத்து 67 ஆயிரம் சொச்சம். பெயரளவில் நகர்ப்புறத் திட்டம்தான். ஆனால் நகர வளர்ச்சிக்கென்று அறிவிக்கப்பட்ட திட்ட எல்லைக்குள் வரும் கிராமங்களுக்கும் உண்டு. பத்திரத்தில் மனைவி பெயர் கட்டாயம். நண்பருக்கு அதில் ஆட்சேபணை இல்லை. வீட்டில் எல்லாமே ஏற்கெனவே அவர் பெயரில்தான் நடக்கிறது!

வீடு 3 சென்ட் மனையில். 800 சதுர அடி கான்கிரீட் கட்டடம், கட்டி 20 வருஷம். விற்கிற பெரியவர் சொன்ன விலை 24 லட்சம். "பேங்க்ல 90 பர்சென்ட் தர்றாங்களாமே, தம்பி" என்று அவரே தெம்பு கொடுத்தார்.

90 சதவிகிதம் என்பது பொய்யில்லை. 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, வீட்டு மதிப்பில் 90 சதவிகிதம் வரை கொடுக்கலாம் என்று ரிசர்வ் பேங்க் 2015-ல் அனுமதித்திருக்கிறது. ஆனால் அந்த வாக்கியத்தில் இரண்டு வார்த்தைகளை நம் ஆட்கள் படிப்பதே இல்லை. ஒன்று, 'வரை'. இன்னொன்று, 'மதிப்பு'. யார் போட்ட மதிப்பு?

மாஸ்க்கும் டேப்புமாக என்ஜினீயர் வந்தார். பேங்க்கின் பேனலில் இருப்பவர். ஃபீஸ் மட்டும் நம்முடையது. (இந்த மதிப்பீட்டாளர்களில் பலருடைய லெட்டர்ஹெட்டைப் பார்த்தால் 'செல்வ வரிச் சட்டப்படி பதிவு பெற்றவர்' என்று இருக்கும். செல்வ வரி 2015-லேயே போய்ச் சேர்ந்துவிட்டது. லெட்டர்ஹெட்டுக்குச் சாவு இல்லை.)

பெரியவர் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், "தண்ணி இளநி மாதிரி இருக்கும், சார். வெயில் காலத்துலயும் வத்தாது" என்றார். என்ஜினீயர் 'திறந்த கிணறு - 1' என்று எழுதிக்கொண்டார். "இந்த வீட்ல இருந்துதான் மூணு பொண்ணுங்களையும் கட்டிக் கொடுத்தேன். ராசியான வீடு." அதற்குப் பாரத்தில் இடம் இல்லை. கதவு தேக்கு என்பதற்கு மட்டும் தலையாட்டினார்.

அவருடைய கணக்கு இப்படி. இன்றைக்கு இதே மாதிரி கட்ட சதுர அடிக்கு 1,500 ரூபாய் என்றால் 800-க்கு 12 லட்சம். கான்கிரீட் கட்டடத்தின் ஆயுள் 60 வருஷம். கடைசியில் இடித்துப் போட்டாலும் 10 சதவிகிதம் தேறும் என்று வைத்து, மீதி 90-ஐ 60 வருஷத்துக்குப் பங்கு போடுகிறார்கள். 20 வருஷத்துக்கு 30 சதவிகிதம் தேய்மானம். 12 லட்சம் 8.40 லட்சமாக இளைத்தது. பி.காம். படித்தவர்களுக்கு இது பழைய சிநேகிதம்தான். மெஷினரிக்குப் போட்ட ஸ்ட்ரெய்ட் லைன் மெத்தட் இங்கே சமையலறைக்கும் பூஜை அறைக்கும் வந்து நிற்கிறது.

கட்டடம் வரைக்கும் சரி. சண்டை மனையில்தான். ஊரில் சென்ட் 4 லட்சம் என்பது டீக்கடை நிலவரம். என்ஜினீயர் எழுதியது இரண்டரை லட்சம். மொத்தம் 15.90 லட்சம். நண்பருக்கு முகம் தொங்கிவிட்டது. அந்த என்ஜினீயர் மேல் அவருக்கு வந்த கோபத்தை எழுத்தில் போட முடியாது.

ஆனால் அவர் சொன்ன காரணத்தைக் கேட்டபோது எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. "நாலு லட்சம்னு சொல்றீங்க. இந்தத் தெருவுல அந்த விலைக்குப் பதிவான பத்திரம் ஒண்ணு காட்டுங்க, சார். நானே எழுதறேன்."

காட்ட முடியவில்லை! வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தோம். அந்தத் தெருவில் இருபது வருஷமாக நடந்ததெல்லாம் பாகப்பிரிவினை, தான செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரம். அப்பா மகனுக்கு, அண்ணன் தம்பிக்கு. கிராமத்தில் வீடு கை மாறுவது பெரும்பாலும் இப்படித்தான். அதில் மார்க்கெட் விலை என்பதே கிடையாது. விற்பனை என்று நடந்தது இரண்டே இரண்டு. இரண்டிலும் பத்திரத்தில் எழுதியது வழிகாட்டி மதிப்பு. அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. மிச்சம் மஞ்சள் பையில் போயிருக்கிறது. முத்திரைத் தாளில் மிச்சம் பிடிக்கத்தான்.

அதாவது அந்தத் தெரு இருபது வருஷமாகத் தன் விலையைத் தானே குறைத்து எழுதிக்கொண்டே வந்திருக்கிறது. கடைசியில் ஒருவன் லோன் கேட்டு நிற்கும்போது, "உங்க தெருவே குறைச்சல்னுதானே எழுதியிருக்கு" என்கிறது பேங்க். இதில் பேங்க்கைத் திட்டி என்ன பிரயோஜனம்?

பெரியவரும் அதையேதான் செய்யச் சொன்னார். "பத்திரம் 13 லட்சத்துக்குப் போட்டுக்கலாம். மீதி 11 கைல." ஊர் வழக்கம் அது.

இந்த இடத்தில் நண்பரை உட்கார வைத்து ஒரு வெள்ளைத் தாளில் கணக்குப் போட்டோம். பத்திர மதிப்பு, என்ஜினீயர் மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் பேங்க் லோன் தரும். 13 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் லோன் 11.70 லட்சம். அப்போது தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 4, ஆக 11. (பதிவுக் கட்டணம் 2023-ல் 2 ஆகக் குறைந்தது.) 13 லட்சத்துக்கு அது 1.43 லட்சம். ஆகக் கையிலிருந்து போட வேண்டியது 13.73 லட்சம். உண்மையான 24-க்கே பத்திரம் போட்டால் முத்திரைச் செலவு 2.64 லட்சம், 1.21 லட்சம் கூடுதல். ஆனால் லோன் 14.31 லட்சமாக ஏறுகிறது, 2.61 லட்சம் கூடுதல். முத்திரையில் மிச்சம் பிடிப்பதாக நினைத்து, அதைவிடப் பெரிய தொகையை வெளியே வட்டிக்கு வாங்கும் வியாபாரம் இது! கிராமத்தில் வெளிவட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 2 என்பது சலுகை விலை. வருஷத்துக்கு 24 சதவிகிதம். பேங்க் வட்டி அப்போது 7 சதவிகித அளவில் இருந்தது.

மானியத்தை நம்பி இருந்த நண்பருக்கு இன்னொரு அதிர்ச்சி. மானியம் வருவது லோன் பட்டுவாடாவுக்குப் பிறகு. அதுவும் லோன் கணக்கில் வரவு வைத்துக் கடனைக் குறைப்பார்கள். பதிவு அன்றைக்குச் சார் பதிவாளர் ஆபீஸ் வாசலில் துண்டு விழுகிற பணத்துக்கு அதனால் நயா பைசா உபகாரம் இல்லை. அரசாங்கம் குடை கொடுக்கிறது, நிஜம்தான். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கொடுக்கிறது.

பெரியவர் முழு விலைக்குப் பத்திரம் போடத் தயங்கியது வேறு பயத்தில். இன்கம்டாக்ஸ் வந்துவிடுமாம். அவர் வீட்டை விற்பதே சென்னையில் மகனோடு சேர்ந்து ஒரு ஃப்ளாட் வாங்க. ரொம்ப வருஷமாகக் கையில் இருந்த வீட்டை விற்று வரும் லாபத்தை, 2 வருஷத்துக்குள் இந்தியாவில் இன்னொரு வீடு வாங்கப் போட்டால் அந்த லாபத்துக்கு வரி இல்லை என்று சட்டமே சொல்கிறது. அதற்கு மாறாக, சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம் விழலாம். 2015 ஜூன் முதல் இப்படி. ஒரு ஆடிட்டரிடம் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்ல வைத்த பிறகுதான் பெரியவருக்கு மூச்சு வந்தது. எந்தப் பயத்தினால் ஊரே பாதி விலை எழுதுகிறதோ, அந்தப் பயம் அவருக்குத் தேவையே இல்லாத பயம்!

நண்பராவது பட்டாவில் தப்பித்தார். மனை நத்தம், பட்டாவும் கிரயப் பத்திரமும் இருந்தது. எத்தனையோ கிராமத்து வீடுகளுக்கு வீட்டு வரி ரசீதும் கரண்ட் பில்லும்தான் ஆதாரம். மூலப் பத்திரம் என்று கேட்டால், "எங்க பாட்டன் காலத்துலேருந்து இங்கதான் இருக்கோம்" என்பார்கள். உண்மைதான். பேங்க்கின் வக்கீலுக்குப் பாட்டன் போதாது. இன்னும் சிலர் புஞ்சை நிலத்திலேயே வீடு கட்டியிருப்பார்கள். கடன் திரும்பாவிட்டால் கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தை எடுத்து விற்கும் அதிகாரத்தை 2002-ம் வருஷச் சட்டம் பேங்க்குகளுக்குக் கொடுத்தது. அதில் விவசாய நிலத்துக்கு விலக்கு. பட்டாவில் புஞ்சை என்று பார்த்ததும் மானேஜர் பேனாவை மூடி வைப்பதற்கு அதுதான் காரணம்.

எடுத்து விற்கலாம் என்றாலும் கிராமத்தில் யாரிடம் விற்பது? பங்காளி வீடு ஏலத்துக்கு வந்தால் ஊர்க்காரர் கேட்க மாட்டார். நாளைக்கு முகத்தில் விழிக்க வேண்டுமே. வெளியூர்க்காரர் கேட்டால் ஊர் விடாது. எந்தத் தெருவில் எந்த ஜாதிக்காரர் வாங்கலாம் என்று எழுதாத சட்டம் வேறு இருக்கிறது. என்ஜினீயரின் பாரத்தில் ஜாதிக்குக் கட்டம் கிடையாது. ஆனால் 'விற்பனை வாய்ப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அவர் 'சுமார்' என்று எழுதும்போது இதெல்லாம் சேர்ந்துதான் அந்த மூன்றெழுத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அந்த 'சுமாரு'க்கு அபராதம் கட்டுவது, அந்தத் தெருவிலேயே பிறந்து, அங்கேயே வாழ விரும்புகிற பையன்.

நண்பர் விடவில்லை. பக்கத்துத் தெருவில், ஒரு வாத்தியார் முழு லோனும் வேண்டும் என்பதற்காக நிஜ விலைக்கே பதிவு செய்த பத்திரம் ஒன்று கிடைத்தது. நகல் எடுத்து, தாலுகா ரோட்டிலிருந்து தூரம் குறித்த ஒரு ஸ்கெட்ச்சோடு பேங்க்கில் கொடுத்து, மறுபடி பார்க்கச் சொன்னார். சண்டை போடவில்லை, அதுதான் முக்கியம். என்ஜினீயர் சென்ட்டுக்கு 3 லட்சமாக உயர்த்தினார். மொத்தம் 17.40 லட்சம், லோன் 15.66 லட்சம். அந்த ரிப்போர்ட்டைப் பெரியவரிடம் காட்டினார். பெரியவர் ராத்திரி முழுக்க யோசித்து, காலையில் 22.50-க்கு இறங்கி வந்தார். பத்திரமும் அதே 22.50-க்கு.

பதிவுச் செலவு 2.48 லட்சம் உள்பட நண்பர் கையிலிருந்து போட்டது 9.32 லட்சம். முதல் வழியில் போயிருந்தால் 13.73. பி.எஃப்., மனைவியின் எட்டு பவுன், தம்பியிடம் கைமாற்று என்று தேற்றினார். கந்து வட்டிக்காரர் வீட்டு வாசல்படி ஏறவில்லை.

அந்த வட்டி மானியம் 2022 மார்ச் 31-ஓடு முடிந்தது. 2024 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாவது திட்டத்தில் விதிகள் வேறு. வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், முதல் 8 லட்சத்துக்கு 4 சதவிகித மானியம், மொத்தம் 1.80 லட்சம் வரை, ஐந்து தவணையாக. விண்ணப்பிக்கிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, வாங்கப் போகும் வீட்டுக்கு இரண்டு தெரு சுற்றளவில் நிஜ விலைப் பத்திரம் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று தேடுவது. என்ஜினீயர் வந்து போன பிறகு தேடுவதைவிட, வருவதற்கு முன்னால் அவர் கையில் கொடுப்பது மேல்.

நண்பர் குடி போய் மூன்றாம் மாதம் எதிர் வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். "22 லட்சத்துக்கெல்லாம் பத்திரம் போட்டு வச்சிருக்கீங்களே, தம்பி, தெரு விலையையே ஏத்தி விட்டுட்டீங்க!" என்று ஒரே சத்தம். போன வருஷம் அதே மனிதர் மறுபடி வந்தாராம். மகன் மாடி கட்ட லோன் போடுகிறான், அந்தப் பத்திரத்தின் ஜெராக்ஸ் ஒன்று கிடைக்குமா என்று கேட்டாராம்.

இரண்டு காப்பி கொடுத்திருக்கிறார்.