வெளிநாட்டில் இசை மேற்படிப்பு: பணம் எங்கிருந்து வரும்?

"பொண்ணு வயலின்ல பி.ஏ. முடிச்சிட்டா. லண்டன்ல மேல படிக்கணுமாம். குழுவுல லோன் கிடைக்குமா?" எம்.கே.பி. நகர் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்.

ஆசை தப்பில்லை. வயலின் எல். சுப்பிரமணியம் சென்னையில் டாக்டருக்குப் படித்தவர். 1970-களில் அமெரிக்கா போய் இசையில் முதுகலைப் பட்டம் வாங்கினார். ஆனால் லண்டனின் பெரிய இசைக் கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவருக்கு ஒரு வருடக் கட்டணமே 20 லட்சத்தைத் தாண்டும். குழுக் கடன் எந்த மூலைக்கு?

வங்கிக் கல்விக் கடனில் 4 லட்சம் வரை ஈடு கிடையாது. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வீட்டுப் பத்திரம் கேட்பார்கள். படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் தவணை தொடங்கிவிடும். இசை படித்தவருக்கு அதற்குள் நிலையான சம்பளம் வருமா? இருக்கிற ஒரே வீட்டை அடகு வைக்காதீங்க.

கல்லூரி தேடும்போதே உதவித்தொகையையும் தேடச் சொல்லுங்கள். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம்ம கர்நாடக சங்கீதம் 1960-களிலிருந்தே பாடம். முதுகலை மாணவர்கள் வகுப்பு வேலைகளில் உதவினால் கட்டணம் தள்ளுபடி, கைச்செலவுக்கும் பணம் உண்டு. இடம் ரொம்பக் குறைவு. வாசித்துப் பதிவு செய்து அனுப்பணும். பின்னால் மிக்சி சத்தம் கேட்கக் கூடாது! சீட்டு கிடைத்து உதவித்தொகை வராவிட்டால், அடுத்த வருடம் மறுபடி போடலாம்.