பானை அலுமினியமும் பச்சை ஒளியும்

சோறு வடிக்கும் அலுமினியப் பானை ஒளி வீசுமா? வீசாது! ஆனால், அலுமினிய அணு ஒன்றோடு ஹைட்ராக்சிகுயினோலின் என்னும் கரிமப் பொருளின் மூன்று மூலக்கூறுகளைப் பிணைத்துவிட்டால், மின்சாரத்தில் பச்சையாக ஒளிரும் புதுப்பொருள் கிடைக்கிறது.

1987-இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் இதைத் தலைமுடியைவிடப் பலநூறு மடங்கு மெல்லிய படலமாக்கி, 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் ஒளிரச் செய்தனர். இன்றைய ஓ.எல்.இ.டி. கைப்பேசித் திரைகளுக்கு வழிகாட்டியது அதுவே.

பானைக்குத் தண்ணீர் பகையல்ல. இந்த ஒளிப்படலத்துக்கோ ஈரமும் காற்றும் எமன்! அதனால்தான் திரையைக் காற்றுப் புகாமல் மூடியிருக்கிறார்கள். ஈரம் புகுந்தால் கரும்புள்ளிகள் பரவும். ஆகவே வாசகர்களே, திரையில் விரிசல் கண்டால் அலட்சியம் வேண்டாம். மழையில் நனையவிடாதீர்கள், உடனே பழுதுபாருங்கள்!