செத்த காலேஜில் வாங்கிய புஸ்தகம்

எழும்பூர்ப் பொருட்காட்சிச் சாலைக்குப் பழைய சென்னைவாசிகள் "செத்த காலேஜ்" என்று நாமகரணம் செய்திருந்தார்கள். 1851-ல் ஸ்தாபிதமான அச்சாலையில் சோழர் காலத்து வெண்கலச் சிலைகளைக் கண்டு பிரமிப்பவர் அநேகர். புஸ்தகம் விற்கும் மேஜையண்டை நிற்பவர் சிலரே. வாசலில் வேர்க்கடலை வாங்குவதோடு யாத்திரை முடிந்துவிடும்.

கன்னியாகுமரி ஜில்லாப் புதுக்கடையிலிருந்து சென்ற நான் ஒரு மணி நேரம் அம்மேஜையை விட்டு அகலவில்லை. குழந்தைக்குத் திருவாலங்காட்டு நடராஜர் படம் ஒன்று. எனக்கு, கிரேவ்லியும் டி. என். ராமச்சந்திரனும் 1932-ல் வெளியிட்ட உலோகப் படிமங்களின் விவர நூல், மறுபதிப்பு. படங்கள் அற்புதம், பாஷையோ ஆங்கிலம்!

வீட்டில் அத்தை பக்கங்களைப் புரட்டினாள். "நம்ம பார்த்திவபுரத்துப் பெருமாள் இதுல உண்டா, மக்கா?"

இல்லை. ஆனால் என் அலமாரியில் வேறொரு பழம் புஸ்தகம் உண்டு: திருவிதாங்கூர்த் தொல்பொருள் வரிசையின் முதல் தொகுதி. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866-ல் முஞ்சிறைச் சபையாரிடம் நிலம் மாற்றி வாங்கி அக்கோயிலை எடுப்பித்ததையும், 95 மாணாக்கருக்குச் சாலை அமைத்ததையும் கூறும் செப்பேட்டை, டி. ஏ. கோபிநாத ராவ் அதில் பதிப்பித்திருக்கிறார். விளக்கம் ஆங்கிலந்தான், செப்பேட்டின் வாசகமோ தமிழ். இவ்வளவு அருகிலிருக்கும் ஊரின் கதையைத் தமிழில் அச்சிட்டு அம்மாதிரி மேஜைகளில் வைத்தால், வாங்க ஆளில்லாமலா போகும்?

அத்தைக்கு எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினேன்.

"அத்தன பிள்ளைகளுக்கும் சோறு யாரு போட்டா?" என்றாள்.

அதற்காக விட்ட நிலங்களின் விவரமும் செப்பேட்டிலேயே இருக்கிறது. அதையும் படித்தேன்.