காலி இடமே காவல்

ஒரு வீட்டைச் சக்கரங்களின் மீது ஏற்றி ஓட்டிச் செல்ல முடியுமா? முடியும். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் 'மோட்டார் இல்லங்கள்' அப்படிப்பட்டவைதாம். படுக்கை, அடுப்பு, வெந்நீர்க் கொதிகலன், அறையைச் சூடாக்கும் கருவி எல்லாம் அவற்றுள் உண்டு. அடுப்பும் கொதிகலனும் பெரும்பாலும் புரொப்பேன் என்னும் எரிவாயுவால் இயங்குகின்றன. வண்டியோடு பொருத்திய எஃகுக் கலனில் அது திரவமாக இருக்கிறது.

இந்தக் கலனை நிரப்பும்போது ஒரு விந்தையைக் காணலாம். 100 லிட்டர் கொள்ளும் கலனில் 80 லிட்டர் மட்டுமே நிரப்புவார்கள். மீதி இடம் ஏன் காலியாக இருக்க வேண்டும்?

முதலில் புரொப்பேனின் குணத்தைப் பார்ப்போம். அது பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அதனால்தான் பனி உறையும் குளிரிலும் அடுப்பு எரிகிறது. ஆனால் சாதாரண வெப்பநிலையில் அதைத் திரவமாக வைத்திருக்க வேண்டுமானால் அழுத்தி அடைக்க வேண்டும். 20 டிகிரியில் கலனுக்குள் இருக்கும் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 8 மடங்கு!

இன்னொரு குணமும் உண்டு. வெப்பம் ஏறினால் திரவப் புரொப்பேன் மிகுதியாக விரியும். 80 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குச் சூடாக்கினால் அது ஒரு லிட்டருக்கும் குறைவாகவே விரியும். புரொப்பேனோ சுமார் 10 லிட்டர் விரிந்து 90 லிட்டர் ஆகிவிடும். 95 லிட்டர் நிரப்பியிருந்தால்? அது 107 லிட்டர் ஆக முயலும். கலனிலோ இடம் இல்லை! அழுத்தம் மளமளவென்று ஏறும். பாதுகாப்பு வால்வு திறந்து புரொப்பேனை வெளியே பீய்ச்சும். பக்கத்தில் ஒரு சிறு தீ இருந்தாலும் போதும், விபத்துதான்.

1978 ஜூலை 11 அன்று ஸ்பெயின் நாட்டில், லாஸ் அல்ஃபாக்கெஸ் என்ற கடற்கரை முகாமருகே ஒரு டாங்கர் லாரி வெடித்தது. அதில் இருந்தது புரொப்பிலீன். இதுவும் அழுத்தித் திரவமாக்கிய எரிவாயுவே. அனுமதித்த அளவுக்கு மேல் அதை நிரப்பியிருந்தார்கள். விடுமுறையைக் கழிக்க வந்திருந்தவர்களில் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

80 லிட்டர் ஆகிவிட்டது என்று எப்படித் தெரியும்? கலனுக்குள் ஒரு மிதவை இருக்கிறது. திரவம் உயர உயர அதுவும் உயர்ந்து, உரிய மட்டத்தில் வழியை அடைத்துவிடும். இன்னொரு சாட்சியும் உண்டு. அந்த மட்டம் வரை இறங்கும் மெல்லிய குழாயின் திருகைத் திறந்து வைப்பார்கள். திரவம் அங்கே எட்டியதும் அதன் வழியே வெண்மூட்டம் சீறும். உடனே நிறுத்திவிட வேண்டும்.

நிரப்பும்போது எஞ்சினையும் எல்லாச் சுடர்களையும் அணைத்துவிட்டு, அனைவரும் வண்டியை விட்டு இறங்க வேண்டும். பயிற்சி பெற்றவரே நிரப்ப வேண்டும். புரொப்பேன் வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். ஆகவே கசிவு காட்டும் கருவியைத் தரையை ஒட்டியே பொருத்துகிறார்கள். காற்றில் இரண்டு சதவீதத்துக்குச் சற்று அதிகமாகக் கலந்தாலே அது தீப்பற்றும். புரொப்பேனுக்கு இயல்பாக மணம் கிடையாது. நம்மை எச்சரிப்பதற்காகவே நாற்றமுள்ள எத்தில் மெர்காப்டனைச் சேர்க்கிறார்கள். நாற்றம் வந்தால் மின்விசையைத் தொடாதீர்கள். போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வெளியேறி, கலனின் வால்வை மூடுவதே முதல் வேலை.

நம் சமையலறைச் சிலிண்டரில் இருப்பதும் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவையே. அதன் கொள்ளளவு 33.3 லிட்டர், நிரப்பும் எரிவாயு 14.2 கிலோ. ஒரு லிட்டர் திரவத்தின் எடை சுமார் 0.54 கிலோ. அப்படியானால் சிலிண்டரில் எத்தனை சதவீதம் திரவம், எத்தனை சதவீதம் காலி இடம்? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்!