முடி வெட்டுபவரே கடை முதலாளி என்றால் டிப்ஸ் கொடுக்க வேண்டுமா?

முடி வெட்டி முடிந்ததும் கார்டு திரையை நம் பக்கம் திருப்பி வைக்கிறார்கள். 18, 20, 25 சதவீதம் என்று பெரிதாக மூன்று கட்டங்கள். ‘டிப்ஸ் வேண்டாம்’ என்பது மட்டும் கீழே சின்ன எழுத்தில். நமக்கு முடி வெட்டியவரே எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். கடையும் அவருடையதுதான். அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்களுக்கு இது பழகிய காட்சி. கூலிக்கு வேலை செய்பவருக்கு டிப்ஸ் கொடுக்க வேண்டும் என்பது தெரியும். முதலாளிக்குமா? கொடுத்தால் அவரைத் தாழ்த்தியதாகுமா, கொடுக்காவிட்டால் நாம் கஞ்சனாகிவிடுவோமா?

அங்குள்ள பழைய வழக்கப்படி கடையின் உரிமையாளருக்கு டிப்ஸ் கிடையாது. காரணம் எளிது. ஊழியர் முடி வெட்டினால் நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்குதான் அவருக்குப் போகும். அந்தக் குறையை டிப்ஸ்தான் ஈடுகட்டுகிறது. முதலாளியோ தன் விலையைத் தானே வைத்துக்கொள்பவர். அவர் கையில் சில்லறையைத் திணிப்பது அவரை வேலையாளாக நடத்துவது போல என்றுகூட அந்தக் காலத்தில் நினைத்தார்கள்.

இன்று அந்த வழக்கம் தளர்ந்துவிட்டது. ‘முதலாளி’ என்று சொல்லிக்கொள்பவர்களில் பலர் ஒரு நாற்காலியையோ சின்ன அறையையோ வாடகைக்கு எடுத்துத் தனியாக வேலை செய்பவர்கள். வாடகை, ஷாம்பு, சாயம், காப்பீடு எல்லாம் அவர்கள் கைக்காசு. பர்தா பேணும் சகோதரிகளுக்காகத் தனியறை வைத்து முடி திருத்தும் முஸ்லிம் பெண்கள் பலரின் நிலையும் இதுதான். ஆகவே இவர்களுக்கும் டிப்ஸ் கொடுப்பவர்கள் இப்போது நிறையப் பேர். சில உரிமையாளர்கள், “விலையிலேயே எல்லாம் அடக்கம்” என்று சொல்லி மறுத்துவிடுகிறார்கள். நேரம் குறிக்கப் போன் செய்யும்போதே “உரிமையாளர் டிப்ஸ் வாங்குவாரா?” என்று கேட்டுவிடலாம். அங்கே யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். கூலி வேறு, அன்பளிப்பு வேறு. கூலி என்பது கடன். கொடுத்தே ஆக வேண்டும். அன்பளிப்பு மனமுவந்து தருவது. டிப்ஸ் இந்த இரண்டில் எது என்பதுதான் கேள்வி. இங்கே ஃபிக்ஹு அறிஞர்கள் சொல்லும் ஒரு விதி உதவுகிறது: பேசிக்கொள்ளாவிட்டாலும், ஊர் வழக்கத்தில் எல்லோரும் அறிந்த ஒன்று பேசி ஒப்புக்கொண்ட நிபந்தனையைப் போன்றது. டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி தன் கையால் தர வேண்டிய கூலி மணிக்கு 2.13 டாலர் வரை குறைவாக இருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருகிறது. 1991 முதல் அந்தத் தொகை மாறவில்லை. பல மாநிலங்கள் அதை உயர்த்தி வைத்துள்ளன. டிப்ஸை நம்பியே கூலி நிர்ணயமாகும் ஊரில், ஊழியரிடம் வேலை வாங்கிவிட்டு “டிப்ஸ் வாஜிப் இல்லையே” என்று சொல்லிக் கையை விரிப்பது நேர்மையாகத் தெரியவில்லை. முதலாளி விஷயத்தில் அப்படியொரு வழக்கம் உறுதியாக இல்லை. ஆகவே அவருக்குத் தருவது முழுக்க அன்பளிப்பு. கொடுக்காவிட்டால் குற்றமில்லை.

கொடுத்தால்? அதற்கு அழகான முன்மாதிரி இருக்கிறது. ஜாபிர் (ரலி) அவர்களிடமிருந்து நபி (ஸல்) அவர்கள் ஓர் ஒட்டகத்தை விலைக்கு வாங்கிய சம்பவம் புகாரியில் பல இடங்களில் வருகிறது. மதீனா திரும்பியதும் விலையை நிறுத்துக் கொடுக்கும்படி பிலால் (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். அவரும் பேசிய விலைக்கு மேலாகவே நிறுத்துக் கொடுத்தார். ஜாபிர் கூலியாள் அல்ல, ஒட்டகத்தின் சொந்தக்காரர். விலையைப் பேசி முடித்தவரும் அவரே. உரிமையாளருக்கு விலைக்கு மேல் கொடுப்பது அவரைத் தாழ்த்துவது என்ற எண்ணத்துக்கு இங்கே இடமே இல்லை.

நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது அபூ தைபா (ரலி) அவர்களின் செய்தி. அவர் நபி (ஸல்) அவர்களுக்கு இரத்தம் குத்தி எடுத்தவர். அடிமையாக இருந்தவர், ஆனால் வெளியே தொழில் செய்து சம்பாதித்து, அதில் ஒரு குறிப்பிட்ட தொகையை எஜமானர்களுக்குக் கட்ட வேண்டும். நபியவர்கள் அவருக்கு உணவுப் பொருள் அளந்து கொடுக்கச் சொன்னார்கள். அத்தோடு விடவில்லை. அவருடைய எஜமானர்களிடம் பேசி, அவர் கட்ட வேண்டிய தொகையையும் குறைக்கச் செய்தார்கள். நாற்காலி வாடகை கட்டும் இன்றைய சலூன்காரரின் நிலைமை எனக்கு இதில்தான் தெரிகிறது. கையில் எவ்வளவு வைத்தோம் என்பதோடு, அவர் தலையில் என்ன சுமை இருக்கிறது என்பதையும் நபியவர்கள் பார்த்திருக்கிறார்கள். இரத்தம் குத்தும் தொழிலின் வருமானத்தைத் தாழ்வாகச் சொல்லும் ஹதீஸும் உண்டு. ஆனால் அது ஹராமாக இருந்தால் நபியவர்கள் கொடுத்திருக்க மாட்டார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) விளக்கியிருக்கிறார்கள். பெரும்பாலான அறிஞர்களின் முடிவும் அதுவே.

இன்னொரு விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. ஸகாத் வசூலிக்கப் போன ஒருவர், “இது உங்களுக்கு, இது எனக்கு வந்த அன்பளிப்பு” என்று பிரித்துக் காட்டியபோது நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். பொறுப்பில் இருப்பவருக்கு வரும் அன்பளிப்பு லஞ்சமாக மாறும் ஆபத்து அதில் இருக்கிறது. சலூன் ஊழியருக்கும் அதன் நிழல் உண்டு. டிப்ஸ் வாங்கிக்கொண்டு முதலாளியின் விலையுயர்ந்த சாயத்தைக் கணக்கில் எழுதாமல் பூசிவிட்டால் அது அமானித மோசடி. முதலாளியே வெட்டும்போது அந்தச் சந்தேகமே இல்லை. பொருளும் அவருடையது, நேரமும் அவருடையது. உலக வழக்கம் தயங்கும் இடத்தில்தான் மார்க்கப்படி அன்பளிப்பு அதிகத் தெளிவாக இருக்கிறது!

முதலாளி முடி வெட்டுகிறார், தலை கழுவி விட்டது வேலைக்கு இருக்கும் ஒரு பெண் என்றால், மொத்தமாகத் திரையில் அழுத்துவதைவிட அந்தப் பெண்ணின் பங்கை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ஊழியர்களின் டிப்ஸை முதலாளி எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2018இல் அங்கே சட்டத் திருத்தம் வந்தது. தான் மட்டும் நேரடியாகச் செய்த வேலைக்குக் கிடைப்பதை அவர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எது யாருக்கு என்று நாம் சொன்னால்தானே தெரியும்?

திரையின் நெருக்கடியையும் சொல்ல வேண்டும். ஒருவரின் பொருள் அவர் மனமொப்பித் தந்தால்தான் மற்றவருக்கு ஆகும். வெட்கத்தைப் பயன்படுத்தி வாங்குவது பலவந்தமாக வாங்குவதற்குச் சமம் என்ற அளவுக்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எச்சரித்திருக்கிறார்கள். ஆகவே வரிசையில் நிற்பவர்கள் பார்க்கிறார்களே என்று 25ஐ அழுத்த வேண்டியதில்லை. சொந்தக் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களும் அந்தத் திரையை எப்படி அமைத்திருக்கிறோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

நம் ஊர்ப் பக்கம் கதையே வேறு. இங்கே டிப்ஸ் எவ்வளவு என்ற கேள்வி எழுவதில்லை. விலையையாவது முழுசாகக் கொடுக்கிறோமா என்பதே கேள்வி. வீட்டின் முன்னறையில் பார்லர் நடத்தும் பெண்ணிடம், “நம்ம லாத்தா மகதானே” என்று பாதி விலைக்குப் பேசுகிறோம். பெருநாளைக்கு முந்தின இரவு பதினொரு மணிக்கு மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் மருதாணி போடச் சொல்லிவிட்டு, “காசு பெருநாள் கழிச்சு” என்கிறோம். அவள் முதலாளிதான், ஆனால் அந்த இரவில் அவளுக்குக் கூலி கொடுக்க வேறு யாரும் இல்லை. கூலியைத் தாமதிக்காமல் கொடுக்கச் சொல்லும் ஹதீஸ் சித்தாளுக்கு மட்டும் உரியதல்ல.

குழந்தையின் ஏழாம் நாள் முடி இறக்கும்போதும் ஒரு குழப்பம் வருகிறது. முடியின் எடைக்கு வெள்ளி தர்மம் செய்வது ஏழைகளுக்கு. அதையே நாவிதர் கையில் கொடுத்துவிட்டுக் கூலி தீர்ந்தது என்று நினைப்பது சரியல்ல. குர்பானி இறைச்சியிலிருந்து அறுப்பவருக்குக் கூலி கொடுக்கக் கூடாது, கூலியை நாங்கள் தனியாகக் கொடுப்போம் என்று அலீ (ரலி) அறிவித்ததும் இதே அடிப்படைதான். கூலியை முழுதாகக் கொடுத்த பிறகு, அவர் ஏழையாக இருந்தால் தர்மத்திலிருந்தும் கொடுக்கலாம்.

இதை எழுதும்போது சுன்னத் கல்யாணத்துக்கு வரும் ஒஸ்தாவின் நினைவு வருகிறது. சட்டை, வேட்டி, பணம், தட்டு நிறைய அரிசி என்று தாராளமாகத்தான் கொடுப்பார்கள். ஆனால் அவர் வீட்டில் பெண் கேட்பதற்கோ கொடுப்பதற்கோ தயங்கும் குடும்பங்கள் நம்மிடையே இன்றும் உண்டு. தட்டு நிறைந்தால் போதும் என்று நினைத்துவிட்டோம். அவருடைய பேரன் இப்போது குளிர்சாதன சலூன் வைத்திருக்கிறான். டிப்ஸ் நீட்டினால் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்கிறான். அவன் கடைத் திறப்புக்கு ஜமாஅத்திலிருந்து எத்தனை பேர் போனார்கள் என்று நான் கேட்கவில்லை.