பவளப்பாறை மீன்தொட்டியின் வெப்பநிலைக் கட்டுப்பாடு

பவளப்பாறை மீன்தொட்டி என்பது உயிருள்ள பவளங்களையும் அவற்றுடன் வாழும் மீன்கள், முதுகெலும்பிலிகள் ஆகியவற்றையும் உப்புநீரில் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி ஆகும். இதன் நீரை ஏறத்தாழ 24 முதல் 27 பாகை செல்சியசு (°செ) வரையிலான வெப்பநிலையில், பெரிய ஏற்றத்தாழ்வு இன்றி வைத்திருப்பதே வெப்பநிலைக் கட்டுப்பாடு எனப்படுகின்றது. கடலின் பேரளவு நீர் மெதுவாகவே சூடாகின்றது, மெதுவாகவே குளிர்கின்றது. சில நூறு லிட்டர் நீர் மட்டுமே கொண்ட வீட்டுத் தொட்டியில் ஒரு கருவி பழுதடைந்தால், சில மணி நேரத்திலேயே வெப்பநிலை பல பாகைகள் மாறக்கூடும்.

முக்கியத்துவம்

பாறைகளை உருவாக்கும் பவளங்களின் திசுக்களில் சூசாந்தெல்லே எனப்படும் ஒருகல நுண்பாசிகள் வாழ்கின்றன. இவை ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் உணவே பவளத்தின் முதன்மையான ஆற்றல் மூலம் ஆகும். நீர் மிகையாகச் சூடாகும்போது பாசிகளின் ஒளிச்சேர்க்கை சீர்குலைகின்றது. பவளம் அவற்றை இழந்து வெண்ணிறமாகின்றது. இது பவள வெளிறல் எனப்படும். இயற்கையில், வழக்கமான கோடைகால உச்ச வெப்பநிலையைவிட 1 °செ கூடுதலான வெப்பம் சில வாரங்கள் நீடித்தாலே வெளிறல் ஏற்படக்கூடும். மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளில் 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் வெளிறல் ஏற்பட்டது.

வெப்பநிலை கூடும்போது நீரில் கரையும் ஆக்சிசனின் அளவும் குறைகின்றது. 25 °செ வெப்பநிலையில் கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் ஆக்சிசனைக் கொள்ளும். 30 °செ வெப்பநிலையில் இது 6.2 மில்லிகிராமாகக் குறைகின்றது. அதே வேளையில் உயிரினங்களின் ஆக்சிசன் தேவையோ கூடுகின்றது.

வெப்பச் சமநிலை

தொட்டியின் வெப்பநிலை, உள்ளே வரும் வெப்பத்துக்கும் வெளியேறும் வெப்பத்துக்கும் இடையிலான சமநிலையைப் பொறுத்தது. விளக்குகள், நீரேற்றிகள், அறையின் சூடான காற்று ஆகியவை வெப்பத்தைச் சேர்க்கின்றன. நீர் ஆவியாதல் வெப்பத்தை வெளியேற்றுகின்றது. அறை குளிராக இருப்பின் தொட்டியின் சுவர்கள் வழியாகவும் வெப்பம் வெளியேறும்.

200 லிட்டர் கடல்நீரின் வெப்பநிலையை 1 °செ உயர்த்த ஏறத்தாழ 820 கிலோஜூல் ஆற்றல் தேவை. வெப்ப இழப்பைக் கணக்கில் கொள்ளாவிடின்,

- நீருள் மூழ்கியிருக்கும் 40 வாட் நீரேற்றி ஒரு நாளில் வெப்பநிலையை ஏறத்தாழ 4 °செ உயர்த்தும்.
- 200 வாட் சூடேற்றி ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 0.9 °செ உயர்த்தும்.
- 1 லிட்டர் நீர் ஆவியானால் வெப்பநிலை ஏறத்தாழ 3 °செ குறையும்.

குளிர்வித்தல்

நீர்ப்பரப்பின் மீது சிறு மின்விசிறியைக் கொண்டு காற்றை வீசச் செய்வது எளிய முறையாகும். வறண்ட காற்றில் இது நன்கு பயன்படும்; காற்றின் ஈரப்பதம் மிகும்போது ஆவியாதல் குறைவதால் பயனும் குறையும். நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுவதால், குறைந்த நீருக்கு ஈடாக உப்புநீரை அன்றித் தூய்மையாக்கிய நன்னீரையே சேர்க்க வேண்டும்.

விசிறி போதாத இடங்களில் குளிர்பதனப் பெட்டியின் தத்துவத்தில் இயங்கும் நீர்க் குளிர்விப்பான் பயன்படுத்தப்படுகின்றது. செம்பு முதுகெலும்பிலிகளுக்கு நஞ்சு என்பதால், இதில் நீர் படும் பகுதி பெரும்பாலும் டைட்டானியத்தால் ஆனது. குளிர்விப்பான் வெளியேற்றும் வெப்பம் மூடிய அறையிலேயே தங்கினால் தொட்டி மீண்டும் சூடாகும். எனவே அதற்குக் காற்றோட்டம் தேவை.

சூடேற்றலும் பழுதும்

குளிர்ந்த சூழலில் மின்சூடேற்றி தேவைப்படுகின்றது. இதன் வெப்பநிலைக் கட்டுப்படுத்தியில் உள்ள மின்தொடுகைகள் சில வேளைகளில் ஒட்டிக்கொண்டு, சூடேற்றி அணையாமலே இயங்கக்கூடும். இரவில் இவ்வாறு நேர்ந்தால் காலைக்குள் தொட்டியின் உயிர்கள் அனைத்தும் இறந்துவிடலாம். இதனைத் தவிர்க்கப் பின்வரும் முறைகள் கையாளப்படுகின்றன.

- ஒரு பெரிய சூடேற்றிக்கு மாற்றாக இரண்டு சிறிய சூடேற்றிகளைப் பொருத்துதல். ஒன்று அணையாது நின்றாலும் வெப்பம் மெதுவாகவே ஏறும். ஒன்று இயங்காது போனாலும் மற்றொன்று உதவும்.
- சூடேற்றிகளைத் தனியான கட்டுப்படுத்தி வழியாக இணைத்தல். சூடேற்றியின் உள்ளமைந்த கட்டுப்படுத்தியைச் சற்றே உயர்ந்த அளவில் வைத்தால் அது இரண்டாம் காப்பாக அமையும்.
- வேறொரு வெப்பநிலைமானியைக் கொண்டு அளவீட்டைச் சரிபார்த்தல். நன்னீரும் நொறுக்கிய பனிக்கட்டியும் நன்கு கலந்த கலவையில் வெப்பநிலைமானி 0 °செ காட்ட வேண்டும்.

மின்தடையின்போது

மின்தடை ஏற்படின் நீரோட்டம் நின்று ஆக்சிசன் குறைவதே பெரும்பாலும் முதல் இடராகும். மின்கலத்தால் இயங்கும் காற்றேற்றி இதற்கு உதவும். தொட்டி மிகச் சூடாகியிருந்தால், உறையவைத்த நீர் அடங்கிய மூடிய புட்டிகளை நீரில் மிதக்கவிடலாம். பனிக்கட்டியை நேரடியாக இட்டால் உப்பின் செறிவு குறையும். திடீர் மாற்றமும் உயிர்களுக்குத் தீங்கானது என்பதால் வெப்பநிலையைப் படிப்படியாகவே குறைத்தல் வேண்டும்.